லிப்ட்டக்காவின் அடுப்பும் நாத்தனாரின் புருவமும்

லிப்ட்டக்கா தன் நாத்தனாரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுப்பை மூட்டிக் கொளுத்தப் பார்த்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு. சலூனில் கத்தி தீட்டும்போது இதையும் சேர்த்துத் தீட்டுகிறார்கள். மருந்துக் கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனவர்கள் இருமலை மறந்துவிட்டு நின்று கேட்கிறார்கள். சாட்சி உண்டா என்றால் எல்லா விரலும் ஒரே பக்கம் நீள்கிறது: தெருமுனை பேக்கரி. அங்கே கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று கேக்குக்குப் பூ வைக்கும் நாத்தனாருக்கு இரண்டு புருவமும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு. சில நாள் இடது கோடு கொஞ்சம் மேலே ஏறிவிடும். அன்றைக்கு முழுக்க அவள் எல்லோரையும் சந்தேகப்படுவது போலவே இருக்கும்.

அண்ணி, நாத்தனார், அடுப்பு என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டால் மீதியைத் தெரு தானே எழுதிக்கொள்ளும். யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கொளுத்தப்பட்டதாகச் சொல்லப்படுகிறவள், கொளுத்தியதாகச் சொல்லப்படுகிறவளின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு போகிறாள். கொலைக்குத் தப்பியவர்கள் இப்படி டப்பாவோடு வருவதில்லை. அதனால் இந்தப் பேச்சின் மூடியைக் கொஞ்சம் திறந்து பார்ப்பதில் தப்பில்லை.

லிப்ட்டக்காவின் வேலை லிப்ட் பழுதுபார்ப்பது. நகரத்தில் பாதிப் பேர் மூச்சு வாங்காமல் மாடி ஏறுவது அவள் புண்ணியத்தில். கை நிறைய கிரீஸ், வாய் நிறைய திட்டு, இடது மார்புப் பக்கம் பெரிய பை வைத்த நீலச் சட்டை. அந்தப் பைக்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளுக்கு மூத்தவர் ஒருவர் லிப்ட் குழிக்குள் கையை விட்டிருக்கும்போது, மேலே யாரோ ஒரு புண்ணியவான் "கரண்ட் இல்ல போலிருக்கே" என்று சுவிட்சைப் போட்டுவிட்டான். மூத்தவரின் விரல் ஒன்று குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து லிப்ட்டக்கா எந்த மெஷினை விட்டு நகர்ந்தாலும் அதன் ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் நகர்வாள். யாரும் அவளுக்குத் தெரியாமல் ஓட்ட முடியாது. யோசித்துச் செய்வதல்ல. கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போவது போல அவள் கை ஃப்யூஸுக்குப் போகும்.

வீட்டிலும் அதே கைதானே. ஒட்டடை அடிக்க ஏறினால் ஃபேனின் ஃப்யூஸ் பையில். மிக்ஸியைக் கழுவ எடுத்தால் அதன் பிளேடு பையில். டி.வி. ரிமோட் பாட்டரி எத்தனை முறை அந்தப் பையோடு வேலைக்குப் போய் வந்தது என்று கணக்கில்லை. வீட்டில் எது ஓடாவிட்டாலும் கணவர் மெக்கானிக்கைத் தேடமாட்டார், சட்டையைத் தேடுவார். அவருக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை. எதையும் இரண்டு தடவை சொல்வார். "சாப்பாடு ரெடியா? சாப்பாடு ரெடியா?" கல்யாணமான புதிதில் அவள் இரண்டு தடவை பதில் சொன்னாள். பிறகு ஒரு தடவையும் சொல்வதில்லை.

அவருடைய தங்கைதான் பேக்கரிக்காரி. தெரு அவளுக்கு வைத்த பேர் தராசு. உப்பு முதல் காதல் வரை கிராமில் அளப்பாள் என்று கேலி செய்வார்கள். காதல் எடை குறைவாக இருந்ததால்தான் கல்யாணம் நடக்கவில்லை என்பது அவளே சொல்லிக்கொள்ளும் நகைச்சுவை. இந்தத் தராசு ஒரு நாள் ரொட்டி அடுப்பின் முன்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி, பிறந்ததுலேருந்து அடுப்புப் பக்கத்துலயே நின்னாச்சு. ஒரு தடவையாவது நல்லா குளிரணும்" என்றாள்.

"நான் நாள் பூரா மேல போறேன், கீழ வர்றேன். எங்கயாவது போனதா ஞாபகம் இருக்கா?" என்றாள் லிப்ட்டக்கா.

இப்படித்தான் இரண்டு பேரும் பனி மலைக் கணவாய் ஒன்றை முதுகுப் பையோடு நடந்து கடப்பதென்று முடிவாயிற்று. வழியில் கடை கிடையாது. கணவாய்க்குக் கீழே ஒரு கல் குடில் உண்டு, அதுவும் காலி. தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். உருக்க ஓர் அடுப்பு வேண்டும். அடுப்பு எரியாவிட்டால் மலை மன்னிக்காது என்று போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மலையேறுபவர்களுக்கான கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் கேஸ் அடுப்பு. தராசு பார்த்ததும் மயங்கிவிட்டாள். கைப்பையிலிருந்து தன் சின்ன எடை மெஷினை எடுத்துக் கல்லாமேல் வைத்து நிறுத்தாள்.

"அண்ணி! என் கிரீம் கரண்டிகூட இதைவிட கனம்!"

லிப்ட்டக்கா அதைத் தொடவில்லை. "இது என்ன குடிக்கும்?"

"இதோ, இந்த கேஸ் டப்பா, மேடம்."

"கணவாய் பக்கம் இந்த டப்பா கிடைக்குமா?"

"கிடைக்கலாம்."

"கிடைக்கலாம்னா?"

"போன வருஷம் ஒருத்தருக்குக் கிடைச்சுதுன்னு சொன்னார்."

"இந்த வருஷம் அவரே அதை வாங்கிட்டுப் போயிருப்பார். கடும் குளிர்ல கேஸ் படுத்துக்கும்னு வேற சொல்றாங்களே?"

கடைக்காரர் ஒப்புக்கொண்டு அடுத்ததை எடுத்தார். பெயர் பெற்ற கம்பெனியின் அடுப்பு. பெட்ரோல், மண்ணெண்ணெய், அவசரத்துக்கு டீசல், எதை ஊற்றினாலும் எரியும். விலையைச் சொன்னார். தராசு சத்தமில்லாமல் தன் மெஷினைப் பைக்குள் வைத்து மூடினாள். அந்த விலைக்கு இரண்டு பேரும் மலையையே வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

மூன்றாவது, அதே அடுப்பின் சித்தி பெண் மாதிரி. அதே மூக்கு, அதே முழி, கம்பெனிக்கு மட்டும் பெயரில்லை. விலை மூன்றில் ஒரு பங்கு. லிப்ட்டக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் கழற்ற ஆரம்பித்தாள். கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. பம்பை உருவினாள். உள்ளே இருக்கும் வாஷர் தோலா ரப்பரா என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். தோல்தான், காய்ந்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மறுபடி பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, எண்ணெய்க் குப்பியில் காற்றடித்துக் குழாயை முக்கினாள். குமிழி வரவில்லை, கசிவு இல்லை. கடைசியாக பர்னரின் நடுவிலிருந்து மிளகு அளவு பித்தளைத் துண்டு ஒன்றைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் நடுவே மயிரிழை போல் ஒரு துளை.

"இதுதான் நாசில், அக்கா," என்றார் கடைக்காரர். பயத்தில் மேடம் அக்காவாகிவிட்டது. "எண்ணெய் சூடாகி ஆவியாகி இது வழியாத்தான் பீறிட்டு வரும். ரெண்டு தந்திருக்காங்க. சின்ன துளை மண்ணெண்ணெய்க்கு, கொஞ்சம் பெரிசு பெட்ரோலுக்கு. மாத்திப் போட்டா புகையும், ஆனா எரியும்."

"ரெண்டும் இல்லன்னா?"

"ரெண்டும் இல்லன்னா அது அடுப்பு இல்ல, அக்கா. பாட்டில்."

பற்றவைத்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, கடையின் பின்கதவுப் பக்கம் பற்றவைத்தார்கள். முதலில் அடியிலிருந்த கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் எரிந்து பர்னரின் தலை சூடாயிற்று. பிறகு நீல நிறத்தில் ஒரு கர்ஜனை.

"என்ன அண்ணி, இந்தக் கத்து கத்துது!"

"சத்தம் போட்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கமுக்கமா இருக்கற மெஷினை நான் நம்பமாட்டேன்."

"அதான் எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டீங்களா?"

கேஸ் அடுப்பின் ஆசை தராசுக்குப் போகவில்லை. தெரு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தாள். லிப்ட்டக்கா நின்று திரும்பினாள். "இங்க பாரு. அடுப்பு என் பொறுப்பு. நான் எரியும்னு சொன்னா எரியும்."

"சரி. அப்ப எடை என் பொறுப்பு. பைக்குள்ள எது போகணும், எது போகக் கூடாதுன்னு நான்தான் சொல்வேன்."

கைகொடுத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, லிப்ட்டக்கா பால்கனியில் அடுப்பை மறுபடி எரித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அணைத்து ஆறவைத்துக்கொண்டிருந்தபோது கணவர் தீப்பெட்டியோடு எட்டிப் பார்த்தார். "நானும் ஒரு தடவை பத்தவைக்கட்டா? நானும் ஒரு தடவை பத்தவைக்கட்டா?" அதே நேரம் போன் அடித்தது. எங்கோ ஒரு மாடியில் லிப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணி. லிப்ட்டக்கா எழுந்தாள். எழும்போதே அவள் கை தானாக நீண்டது. நாசிலைத் திருகியது. நீலச் சட்டையின் இடது பையில் போட்டது. தீப்பெட்டியோடு நிற்கும் ஆளை நம்பி எந்த மெஷினையும் விட்டுவிட்டுப் போக முடியாதல்லவா? அவள் மனதுக்கு இது தெரியவே தெரியாது.

கர்ப்பிணியை வெளியே எடுத்து, அழுதவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வீடு திரும்பினாள். நீலச் சட்டை அழுக்குக் கூடைக்குப் போயிற்று. அதற்குள் தராசு வந்து பைகளைக் கட்டி முடித்திருந்தாள். அவளும் தன் பங்குக்குப் பொறுப்பாக இருந்தாள். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினாள். தீப்பெட்டியில் பாதிக் குச்சியை எடுத்துவிட்டாள். அடுப்பின் பையைத் திறந்து, நாம் மண்ணெண்ணெய்தானே கொண்டுபோகிறோம், பெட்ரோல் நாசில் எதற்கு என்று அதை எடுத்து அண்ணியின் சமையலறை டிராயரில், மிக்ஸி பிளேடுகளுக்கு நடுவே வைத்தாள். அது ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

மலையடிவாரத்துக் கடைசிக் குடியிருப்பில் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தன. அடுப்புக்கு வேலை வரவில்லை. மண்ணெண்ணெய் விற்கும் அம்மாளிடம் குப்பியை நிரப்பிக்கொண்டபோது லிப்ட்டக்கா, "ஒரு தடவை எரிச்சுப் பார்த்துடலாமா?" என்றாள்.

"அண்ணி, நான் அளந்து வாங்கியிருக்கேன். வேடிக்கை பார்க்க இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடிதானே எரிச்சீங்க?"

"எரிச்சேன்தான்."

"நீங்க எரியும்னு சொன்னா எரியும்னு சொன்னது யாரு?"

சொன்னது அவள்தான். பையை முதுகில் ஏற்றினாள்.

ஏற ஏற மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயின. மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கி வழியை மூடிக்கொண்டது. மழையும் பனியும் கலந்து ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. குடில் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஓர் ஓடை. லிப்ட்டக்கா கடந்துவிட்டாள். பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் தராசு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள், குளியல் தொட்டியில் உட்கார்ந்தவள் போல, வாயைத் திறந்துகொண்டு.

இழுத்துக் கரையில் போட்டதும் அவள் முதலில் சிரித்தாள். "நல்லா குளிரணும்னு கேட்டேன் இல்ல? கிடைச்சுடுச்சு." பல் தந்தியடித்ததால் அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

குடிலுக்குள் மனித வாசனையே இல்லை. நான்கு கல் சுவர், பாதிக் கதவு, ஒரு மரப்பலகை. பலகைமேல் மூடி போட்ட தகர டப்பா ஒன்று. சுள்ளி கிடையாது, விறகு கிடையாது. லிப்ட்டக்கா நாத்தனாரின் ஈரத் துணியை உரித்தெறிந்து, தன்னிடம் காய்ந்திருந்ததையெல்லாம் மாட்டிவிட்டு, தூங்கும் பைக்குள் திணித்தாள். போனில் சிக்னல் இல்லை. இனி சூடாக எதையாவது உள்ளே இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அடுப்பை எடுத்துக் குழாயை மாட்டினாள். பம்பை அடித்தாள். திறந்தாள். பர்னரின் நடுவிலிருந்து மண்ணெண்ணெய் சளசளவென்று வழிந்து தரையில் ஓடியது. மூடினாள். குனிந்து பார்த்தாள். நாசில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொக்கை வாய் அவளைப் பார்த்து இளித்தது.

அவள் கை தானாகவே இடது மார்புக்குப் போயிற்று. அங்கே பை இல்லை. அது கம்பளிச் சட்டை. நீலச் சட்டை வீட்டில், அழுக்குக் கூடையில், கணவருடைய காலுறைகளுக்கு அடியில் கிடந்தது. பால்கனி, தீப்பெட்டி, போன் எல்லாம் வரிசையாக வந்து கண்முன் நின்றன.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. பெட்ரோல் நாசிலைப் போட்டுக்கலாம். புகையும், பரவாயில்ல." அடுப்பின் பையைத் தலைகீழாக உதறினாள். அடுப்பைக் கழற்றும் சின்னச் சாவி ஒன்று விழுந்தது. மறுபடி உதறினாள். "ஏய், இன்னொரு நாசில் எங்க?"

தூங்கும் பைக்குள்ளிருந்து மெதுவாக, "டிராயர்ல."

"எந்த டிராயர்ல?"

"உங்க வீட்டு டிராயர்ல. மிக்ஸி பிளேடு பக்கத்துல. அண்ணி, திட்டாதீங்க."

எந்த வாயால் திட்டுவது? "என்னோடது சட்டைப் பையில இருக்கு" என்றாள் லிப்ட்டக்கா.

நாத்தனாரைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "ஏய், ரொட்டிக்கு மாவு எவ்வளவு போடுவே?"

"ஒரு... ரெண்டு கை."

பிறந்ததிலிருந்து இந்தப் பெண் 'கை' என்று எதையும் அளந்ததில்லை. லிப்ட்டக்கா கிட்டப் போய்ப் பார்த்தாள். தராசின் உடம்பு நடுங்குவதை நிறுத்தியிருந்தது. நிம்மதி வர வேண்டிய இடத்தில் பயம் வந்தது. குளிரில் நடுங்குகிறவன் பிழைப்பான், நடுக்கம் நின்றவனைத்தான் கவனிக்கணும் என்று கம்பெனியின் பாதுகாப்பு வகுப்பில் சொன்னது காதில் கேட்டது. அந்த வகுப்பில் அவள் பாதி நேரம் தூங்கியிருந்தாள். இந்தப் பாதிக்கு மட்டும் விழித்திருந்தது யார் செய்த புண்ணியமோ.

பலகைமேலிருந்த டப்பாவைத் திறந்தாள். உள்ளே சர்க்கரை. யாரோ வைத்துவிட்டுப் போனது. யோசிக்கவில்லை; சாப்பாட்டுத் தட்டில் கொட்டிவிட்டு, காலி டப்பாவில் தன் பருத்திக் காலுறையைச் சுருட்டி வைத்து, மண்ணெண்ணெயை ஊற்றினாள். பெரிய திரியாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவதில் பிடித்தது. நீலமுமில்லை, கர்ஜனையுமில்லை, கறுப்புப் புகையோடு ஒரு மஞ்சள் சோம்பேறித் தீ. சுற்றிக் கல்லை அடுக்கிப் பாத்திரத்தை ஏற்றினாள். உள்ளே போட்ட பனி சுருங்கி நாலு வாய்த் தண்ணீராயிற்று.

இன்னும் பனி வேண்டும். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனாள்.

பாத்திர மூடி நிறைய அள்ளிக்கொண்டு திரும்பும்போது பாதிக் கதவின் வழியே பார்த்தாள். தராசு பைக்குள்ளிருந்து பாதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தீ சிறுத்துவிட்டிருந்தது. ஆயுள் முழுக்க ரொட்டி அடுப்பை அணையவிடாமல் காத்த கைக்கு அது பொறுக்கவில்லை. தலை தூங்கிக்கொண்டிருக்க, கை மட்டும் விழித்துக்கொண்டு குப்பியைத் திறந்து, எரியும் டப்பாவின் மேல் சாய்த்தது.

"ஊத்தாதே!"

புஸ்ஸென்று ஓர் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. லிப்ட்டக்கா பனியோடு பாய்ந்தாள். குப்பியை உதைத்து மூலைக்குத் தள்ளினாள். நாத்தனாரின் தலைமேல் ஈரத் துணியைப் போட்டு அமுக்கினாள். சாப்பாட்டுத் தட்டைத் தேடினாள், அதில் சர்க்கரை இருந்தது, பாத்திர மூடியையே டப்பாமேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது. எங்கும் மயிர் பொசுங்கிய நாற்றம்.

துணியை எடுத்தாள். முகம் கறுத்திருந்தது, தோல் பிழைத்திருந்தது. புருவம் மட்டும் இல்லை. தராசு கண்ணைக் கொட்டி, "அடுப்பு அணைஞ்சுடும் அண்ணி, அதான்" என்றாள்.

இனிமேல்தான் கொடுமை. சூடான டப்பாவில் எண்ணெய் ஊற்றினால் இதேதான் மறுபடி நடக்கும். டப்பா ஆற வேண்டும். ஆறும்வரைக்கும் நாத்தனாரும் சேர்ந்து ஆறிக்கொண்டிருப்பாள். லிப்ட்டக்கா டப்பாவைக் கொண்டுபோய்ப் பனியில் புதைத்துவிட்டு, பைக்குள் தானும் நுழைந்து, அந்த ஐஸ் கட்டி உடம்பைக் கட்டிக்கொண்டாள். தன் வாழ்க்கையில் எந்த மெஷினுக்காகவும் அவள் இப்படிக் காத்திருந்ததில்லை. "தூங்காதே. அண்ணனைப் பத்திச் சொல்லு. சின்ன வயசுலயும் ரெண்டு தடவைதான் சொல்வாரா?" பதிலில்லை. "ஏய்!" கன்னத்தில் தட்டினாள். "மூணு தடவை" என்று எங்கோ தூரத்திலிருந்து குரல் வந்தது.

வெளியே போய் டப்பாவைத் தொட்டாள். சுட்டது. திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி சுட்டது. மூன்றாம் முறை உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் வைத்திருந்து, இல்லை, சுடவில்லை, சுடவே இல்லை என்று உறுதியான பிறகுதான் இன்னொரு காலுறையைச் சுருட்டினாள். தீப்பெட்டியைத் திறந்தபோது மிச்சமிருந்த குச்சிகள் பெட்டியின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. உரசினாள். பிடித்தது.

இந்த முறை அவள் நகரவில்லை. குப்பியைத் தன் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் வைத்துக்கொண்டாள். தண்ணீர் சூடேறியதும் தட்டிலிருந்த சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கி, நாத்தனாரின் தலையைத் தூக்கிப் பிடித்து மடக்கு மடக்காகப் புகட்டினாள். ஒரு குவளை. இன்னொன்று. மூன்றாவது பாதியில் தராசின் பல் குவளை விளிம்பில் டகடகவென்று அடிக்கத் தொடங்கியது. நடுக்கம் திரும்பி வந்துவிட்டது. லிப்ட்டக்கா அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். மெஷின் ஓடுகிறது.

"அண்ணி."

"ம்."

"எவ்வளவு சர்க்கரை போட்டீங்க?"

"கண்ணளவா போட்டேன்."

"கண்ணளவாவா? அளக்காமயா?"

லிப்ட்டக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் வெயில் எதுவுமே நடக்காதது போல் அடித்தது. கணவாய் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இருவரும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கினார்கள். இறங்கும் வழியில் இன்னோர் ஒப்பந்தம் போட்டார்கள்: சட்டைப் பையைப் பற்றித் தராசு மூச்சுவிடக் கூடாது, டிராயரைப் பற்றி லிப்ட்டக்கா மூச்சுவிடக் கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் தங்கையின் முகத்தைப் பார்த்துத் திகைத்து, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்றார். லிப்ட்டக்கா, "அடுப்பு. என்கிட்ட ஒண்ணும் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு நேராக அழுக்குக் கூடைக்குப் போனாள். "அடுப்பாம். கேட்கக் கூடாதாம்" என்று அவர் நிலையத்தில் நண்பர்களிடம் சொன்னார். வழக்கம்போல் இரண்டு தடவை. மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது.

ஆக, பேச்சு பொய்தான். மறுத்துச் சொல்ல இருவரில் ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். திறந்தால் அவளவள் பித்தளைத் துண்டும் வெளியே விழும். சலூனில் யாராவது ஜாடையாகக் கேட்டால் லிப்ட்டக்கா, "அவ உயிரோடதானே இருக்கா, அப்புறம் என்ன?" என்பாள். பேக்கரியில் யாராவது பரிதாபப்பட்டால் தராசு பெருமூச்சு விட்டு, கேக்கைக் கொஞ்சம் விலை கூட்டிச் சொல்வாள். பெயரில்லாத கம்பெனியின் அடுப்பு, நாசில் மாட்டி, பால்கனியில் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல் கர்ஜிக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. இறங்கும்போது மண்ணெண்ணெய் அம்மாளிடம், குடிலில் சர்க்கரை வைத்தது யார் என்று கேட்டார்கள். "அது யாருன்னு யாருக்குத் தெரியும்? மேல போறவங்க யாராவது வைப்பாங்க. எடுத்தவங்க திரும்ப வைக்கணும், அவ்வளவுதான்" என்றாள் அவள். அதற்குள் கணவாய்ப் பக்கம் மறுபடி மேகம் இறங்கிவிட்டது. இப்போது பனி வழியை அடைத்துக் கிடக்கிறது.

தராசு புது டப்பா ஒன்று வாங்கிச் சர்க்கரை நிரப்பி பேக்கரி அலமாரியில் வைத்திருக்கிறாள். எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்பதில்தான் தகராறு.

"முக்கால் டப்பா இருந்துச்சு" என்பாள் லிப்ட்டக்கா.

"அரைதான் இருந்திருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் ரெண்டு கை மாவு போட்டுக்கிட்டு இருந்தியே."

தராசு ஒவ்வொரு முறையும் இன்னொரு கரண்டி போடுகிறாள். டப்பா கோபுரமாகக் குவிந்து, மூடி உட்கார மறுக்கிறது.

"இவ்வளவு கனத்தை யாரு தூக்கறது அண்ணி?"

"எடை உன் பொறுப்பு."

போன வாரம் கேக் வாங்க வந்த ஒருவர் அலமாரியைக் காட்டி, "அந்தச் சர்க்கரை விக்கறதுக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியது."

"யாருக்கு?"

தராசு யோசித்தாள். இடது புருவக் கோடு மெல்ல மேலே ஏறியது. "அது யாருன்னு தெரியலீங்க" என்றாள்.